வடிகால் தொண்டும் அமிஞ்சி வேலையும்

காவிரிப் பாசனத்தின் கடைமடைக் கிராமங்களில் உள்ள நமது தோழர்கள் சிலர் கொஞ்ச காலமாக நம்மை ஒரு கேள்வி கேட்டு வருகின்றார்கள். அதாவது, மழைக்காலம் வந்தால் தங்கள் ஊர்கள் வெள்ளத்தில் முழுகிப் போவதால், ஊரிலுள்ள வாலிபர்கள் ஒன்று சேர்ந்து, மூடிக் கிடக்கும் வடிகால்களைக் கோடையில் தாங்களே தூரெடுத்துச் சீர்படுத்துவதென்று புறப்பட்டிருக்கின்றார்கள் என்றும், இந்தக் காரியத்தில் நமது இயக்கத்தார் கலந்துகொண்டு மண்வெட்டி பிடிக்கலாமா, அல்லது இது சர்க்கார் வேலை, நமக்கென்ன என்று ஒதுங்கி நிற்கலாமா என்றும் கேட்கின்றார்கள். இவர்களிலும் காலனியில் குடியிருக்கும் தோழர்கள் கேட்பது இன்னும் கூர்மையானது. தொண்டு என்று தமுக்கடித்துவிட்டுத் தங்கள் தெருவாரைத்தான் முதலில் கூப்பிடுகின்றார்கள் என்றும், தங்கள் பாட்டன்மார் கூலியில்லாமல் வெட்டிய அதே வாய்க்காலைத் தாங்களும் கூலியில்லாமல் வெட்டிவிட்டு அதற்குத் தொண்டு என்று பெயர் வைத்துக் கொண்டால் போதுமா என்றும் அவர்கள் கேட்கின்றார்கள்.

இந்த இரண்டு கேள்விகளும் நியாயமானவையே. இரண்டுக்கும் சேர்த்து நமக்குத் தோன்றியதை இவ்வாரம் சொல்ல ஆசைப்படுகின்றோம்.

முதலில் வடிகால் என்பது என்ன என்பதைப் பட்டணவாசிகளான நமது வாசகர்களுக்குச் சொல்லியாக வேண்டும். அவர்களுக்கு வடிகால் என்றால் தெருச் சாக்கடைதான் ஞாபகத்துக்கு வரும். கிராமத்து வடிகால் என்பது வேறு. ஆற்றிலிருந்து வயலுக்குத் தண்ணீரைக் கொண்டுவருவது பாசன வாய்க்கால். வயலுக்கும் வீட்டுக்கும் வேண்டாத தண்ணீரை எடுத்துக்கொண்டு போய் ஆற்றிலோ கடலிலோ சேர்ப்பது வடிகால். ஒரு மனிதனுக்கு வாய் வழியாக மூன்று வேளையும் சோறு போட்டுக்கொண்டே, கழியும் வழியை அடைத்துவிட்டால் அவன் என்ன ஆவான்? அந்தக் கதிதான் வடிகால் மூடிப்போன ஊருக்கும் நேர்கின்றது. இப்படியிருந்தும் நம்மவர்கள் பாசன வாய்க்காலுக்காக வெட்டுக் குத்து வரையில் போவார்களே ஒழிய, வடிகாலைப் பற்றி வெள்ளம் வந்து கழுத்தைப் பிடிக்கும்வரை நினைக்கவே மாட்டார்கள்.

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை ஜில்லாக்களின் கீழ்ப்பகுதி அநேகமாகக் கூடத்துத் தரை போலச் சமமாகக் கிடக்கின்றது. தண்ணீர் ஓடுவதற்குப் போதுமான சரிவு இல்லை. மேலண்டை ஊரின் வடிகாலே கீழண்டை ஊருக்குப் பாசன வாய்க்காலாகவும் இருக்கின்றது. வெள்ளையாறு, அடப்பாறு, ஹரிச்சந்திரா நதி முதலிய ஆறுகளோ பாசனம், வடிகால் ஆகிய இரண்டு வேலைகளையும் ஒருங்கே பார்க்கின்றன. கடலோரத்திற்குப் போனால், கடல் ஏறியிருக்கும் நேரத்தில் ஆற்றுத் தண்ணீர் வெளியே போகாமல் திரும்பிப் பார்க்கும். முகத்துவாரத்தில் மணல் மேடிட்டுவிட்டால் அதுவும் போயிற்று. இப்படிப்பட்ட நிலத்தில் ஒரு வடிகால் ஓரடி மேடானால் அதன் பலனை ஒரு கிராமம் மாத்திரமல்ல, மேலேயுள்ள ஐந்தாறு கிராமங்கள் சேர்ந்து அனுபவிக்கின்றன.

2022-ஆம் வருஷம் நவம்பர் மாதம் 12-ந் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் சீர்காழியில் சுமார் 44 சென்டிமீட்டர் மழை பெய்தது. ஒரு ஏக்கர் வயலின் மேல் மட்டும் 17 லட்சம் லிட்டருக்கு மேற்பட்ட தண்ணீர் ஒரே நாளில் விழுந்தது என்று இதற்கு அர்த்தம். சம்பாப் பயிர் இளசாய் நிற்கும் காலத்தில் இந்தத் தண்ணீர் இரண்டு மூன்று நாளில் வடிந்துவிட்டால் பயிர் தலை தூக்கிவிடும். ஒரு வாரத்துக்கு மேல் முழுகிக் கிடந்தால் அழுகிவிடும். மழை எல்லோருடைய வயலிலும் ஒன்றுபோலத்தான் பெய்தது. வடிந்த இடத்தில் நெல், வடியாத இடத்தில் கடன் என்பதுதான் பிற்பாடு கண்ட வித்தியாசம். அதற்கு முந்தி 2021-ஆம் வருஷம் ஜனவரியில் பருவம் தப்பிப் பெய்த மழையிலோ, கதிர் முற்றி அறுவடைக்கு நின்ற சம்பாவே சாய்ந்து தண்ணீரில் கிடந்து முளைத்துப் போயிற்று.

இதைக் கண்டு நம்மில் அநேகர் என்ன சொல்லுகின்றார்கள்? தலைவிதி என்கின்றார்கள், வருண பகவான் கோபம் என்கின்றார்கள். மழை பெய்யாத 2019-ஆம் வருஷத்தில் மழை வேண்டி யாகம் நடத்தும்படி இந்து அறநிலையத் துறையே கோயில்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பிற்று. பெய்விப்பதற்கு யாகம் இருக்குமானால் வடிய வைப்பதற்கும் ஒரு யாகம் இருக்க வேண்டுமல்லவா? அதை மட்டும் ஏன் ஒரு சாஸ்திரியும் சொல்லுவதில்லை? ஏனெனில், தேங்கின தண்ணீர் மந்திரத்துக்கு நகராது என்பதும் மண்வெட்டிக்குத்தான் நகரும் என்பதும் கண்முன் தெரிந்துவிடுகின்ற விஷயம். மழை எவ்வளவு பெய்ய வேண்டும் என்பது நம் கையில் இல்லை என்பது வாஸ்தவம். பெய்த மழை எத்தனை நாள் நம் வீட்டு வாசலில் நிற்க வேண்டும் என்பது பெரும்பாலும் நம் கையில்தான் இருக்கின்றது.

ஏனென்றால், வடிகாலை மூடியது எந்தக் கடவுளும் அல்ல. வருஷா வருஷம் படியும் வண்டல் மூடியது. தென் அமெரிக்காவிலிருந்து வந்து சேர்ந்த வெங்காயத் தாமரையும், அதே போல் வெளிதேசத்திலிருந்து வந்து நெய்வேலிக் காட்டாமணக்கு என்று பெயர் வாங்கிக்கொண்ட செடியும் மூடின. வரப்பை வருஷத்துக்கு ஒரு சாண் தள்ளிப் போட்டு வடிகால் பொரம்போக்கை விழுங்கிய மிராசுதாரர் மூடினார். ரோடு போட்டவர்கள் ஆறடி வாய்க்காலுக்கு இரண்டடிக் குழாய் வைத்து மூடினார்கள். கடலோரத்தில் இறால் குட்டை வெட்டியவர்கள் கரை போட்டு மூடினார்கள். மிச்சமிருந்ததை நாம் எல்லோருமாகப் பிளாஸ்டிக்குப் பைகளைக் கொண்டு மூடினோம். மனிதன் மூடியதை மனிதன் திறக்கலாம். ஆகையால் தோழர்கள் வடிகால் வேலைக்குப் புறப்பட்டிருப்பது பகுத்தறிவுக்குப் பொருத்தமான காரியம் என்பதில் நமக்குச் சிறிதும் ஆக்ஷேபணையில்லை.

நிற்க, இனி இரண்டாவது கேள்விக்கு வருவோம். இந்த வேலையை யார் செய்வது? யாருக்காகச் செய்வது?

இப்போது எங்கு பார்த்தாலும் குடிமராமத்தின் பெருமையைப் பற்றிப் பேசப்படுகின்றது. அந்தக் காலத்தில் ஊர் ஜனங்களெல்லாம் ஒற்றுமையாகக் கூடி ஏரியையும் வாய்க்காலையும் தாங்களே பார்த்துக் கொண்டார்கள் என்றும், வெள்ளைக்காரன் வந்து அதைக் கெடுத்துவிட்டான் என்றும் மேடைதோறும் சொல்லக் கேட்கின்றோம். சர்க்கார் மராமத்து இலாகா ஏற்பட்டதனால் ஊராரின் பொறுப்புக் குறைந்து போயிற்று என்பதில் உண்மை இருக்கலாம். ஆனால் அந்தப் பழைய ஊர் ஜனங்கள் என்பவர்களில் மண்வெட்டி யார் கையில் இருந்தது, வெற்றிலைப் பெட்டி யார் கையில் இருந்தது என்று கேட்டால் மாத்திரம் இந்தப் பெருமைக்காரர்களுக்குக் கோபம் வந்துவிடுகின்றது.

1858-ஆம் வருஷத்தில் சென்னை மாகாணத்திற்காகச் செய்யப்பட்ட கட்டாய உழைப்புச் சட்டம் என்று ஒன்று உண்டு. வெள்ளத்தால் ஏரிக்கரையோ, ஆற்றங்கரையோ, வாய்க்கால் கரையோ உடைந்து போகும்படியான அபாயம் வந்தால், அதிகாரி கிராமத் தலைவர்களைக் கொண்டு ஆட்களைக் கூப்பிடலாம் என்பதும், குடிமராமத்து என்கின்ற வழக்கமான வேலையை வற்புறுத்தி வாங்கலாம் என்பதும் அதன் கருத்து. கரை உடையும் சமயத்தில் யாரைக் கூப்பிடும்படி அந்தச் சட்டம் சொல்லிற்று தெரியுமா? கிராமத்திலுள்ள திடகாத்திரமான ஆண்கள் எல்லோரையும் அல்ல. அவர்களில் உழைப்பாளி வகுப்பைச் சேர்ந்தவர்களை. அவர்களுக்குக் கூலி கிடைத்ததா இல்லையா என்பது இங்கு பிரச்சனையல்ல. வெள்ளம் எல்லோர் வீட்டுக்கும் வருகின்றது. கரை உடைந்தால் அதிகமாக நஷ்டப்படுகிறவன் அதிக நிலமுள்ளவன். ஆனால் நடுராத்திரியில் ஆற்றங்கரைக்கு ஓட வேண்டியவன் மட்டும் நிலமில்லாதவன் என்று சட்டப் புத்தகத்திலேயே எழுதி வைத்திருந்தார்கள் என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது. வெள்ளைக்காரன் இதைப் புதிதாகக் கற்பனை செய்துவிடவில்லை. நம் ஊரில் நடந்து வந்ததைப் பார்த்துத்தான் அவன் எழுதிக் கொண்டான். இதற்கு நம் ஜனங்கள் வைத்த பெயர் அமிஞ்சி. வெட்டி வேலை என்றும் சொல்லுவார்கள். காவிரிக் கரையிலோ இந்த வேலை பண்ணையாள்களின் தலையில் இருந்தது. அந்தப் பண்ணையாள்களுக்குச் சட்டப்படி ஏதோ கொஞ்சம் பாதுகாப்பு என்று கிடைத்ததே 1952-ஆம் வருஷத்தில்தான்.

1950-இல் அமுலுக்கு வந்த அரசியல் சட்டத்தின் 23-ஆவது விதி கூலியில்லாக் கட்டாய வேலையைத் தடுக்கின்றது. பொதுக் காரியத்திற்காகச் சர்க்கார் ஜனங்களைக் கட்டாயமாக வேலைக்கு அழைக்கலாம் என்றும் அதே விதி சொல்லுகின்றது. ஆனால் அப்படி அழைக்கும்போது மதம், இனம், ஜாதி, வகுப்பு என்கின்ற காரணங்களால் வித்தியாசம் பாராட்டக்கூடாது என்றும் கூடவே சொல்லியிருக்கின்றது. 1858-இல் உழைப்பாளி வகுப்பைக் கூப்பிடு என்று எழுதிய இடத்தில், 1950-இல் வகுப்பைப் பார்த்துக் கூப்பிடாதே என்று எழுத 92 வருஷமாயிற்று. புத்தகத்தில் மாறியது ஊரில் மாறியிருக்கின்றதா என்பதுதான் காலனித் தோழர்களின் கேள்வி.

அவர்கள் கேட்பதற்குக் காரணம் இருக்கின்றது. ஊரில் மேடான இடம் எது, பள்ளமான இடம் எது என்று போய்ப் பாருங்கள். கோயிலும் அதைச் சுற்றின தெருக்களும் மேட்டில் இருக்கும். காலனி என்று இப்போது பெயர் மாற்றிச் சொல்லப்படுகின்ற சேரி அநேக ஊர்களில் வயலோரத்தில், வடிகாலை ஒட்டின பள்ளத்தில் இருக்கும். ஊர்த்தெருவின் தண்ணீரெல்லாம் இயற்கையாகவே அங்கே வந்து சேருகின்றது. வாசற்படி நனைவதற்கு முன் மேட்டுத் தெருக்காரன் மழையை ஜன்னல் வழியாக வேடிக்கை பார்க்கலாம். பள்ளத்துத் தெருக்காரனோ அதற்குள் அரிசிப் பானையைத் தலையில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுகின்றான். அந்தத் தண்ணீரை வெளியேற்றக் காலனியிலிருந்து ஒரு வாய்க்கால் வெட்டலாம் என்றால், அது இன்னார் வீட்டுப் பின்புறமாகப் போகக்கூடாது, இன்ன குளத்தின் ஓரமாகப் போகக்கூடாது என்று ஆயிரம் தடை வருகின்றது. மேட்டுத் தெருவின் அழுக்குத் தண்ணீர் சேரிக்குள் வடியும்போது இல்லாத தீட்டு, சேரித் தண்ணீர் மேட்டுத் தெரு ஓரமாக வடியும்போது மாத்திரம் எங்கிருந்து வந்து ஒட்டிக் கொள்ளுகின்றது என்று கேட்கின்றோம்.

இதில் சட்டத்தின் குறையும் ஒன்று உண்டு. 2000-ஆம் வருஷத்தில் தமிழ்நாட்டுச் சட்டசபை, பாசன அமைப்புகளை விவசாயிகளே நிர்வகிப்பதற்கென்று ஒரு சட்டம் செய்தது. அதன்படி ஏற்படும் தண்ணீர் உபயோகிப்போர் சங்கங்கள் நிலமுள்ளவர்களின் சங்கங்களே. 2017-ஆம் வருஷத்தில் சர்க்கார் குடிமராமத்து என்கின்ற பழைய பெயரிலேயே ஒரு திட்டத்தைத் தொடங்கி, முதல் தவணையாக 100 கோடி ரூபாயில் 1,519 வேலைகளை எடுத்துக் கொண்டபோதும், வேலையைப் பாசனதாரர்களின் சங்கங்களிடம் ஒப்படைப்பது என்றுதான் ஏற்பாடு செய்தது. பாசனத்தைப் பற்றிய வரையில் இது நியாயமாக இருக்கலாம். வடிகாலுக்கு இது எப்படிப் பொருந்தும்? வடிகால் அடைபட்டால் நிலமுள்ளவனுக்குப் பயிர் போகின்றது. நிலமில்லாதவனுக்கு வீடு போகின்றது, பயிர் அழிந்ததால் அறுப்புக் கூலியும் போகின்றது. பயிர் போனவனுக்குச் சங்கத்தில் இடமுண்டு, கணக்கெடுப்பில் நிவாரணமுண்டு. வீடும் கூலியும் போனவனுக்கு அந்த வடிகாலைப் பற்றி வாய் திறக்கவும் இடமில்லை என்றால், அவனை மண் சுமக்க மட்டும் கூப்பிடுவதற்கு எவனுக்கு என்ன பாத்தியம் இருக்கின்றது?

ஆகவே தோழர்களுக்கு நாம் சொல்லுவது இதுதான்: வடிகால் வேலைக்குப் போங்கள், ஆனால் சில நிபந்தனைகளோடு போங்கள். அந்த நிபந்தனைகள் இருந்தால் அது தொண்டு. இல்லாவிட்டால் அது அமிஞ்சியேயாகும்.

முதலாவது, எல்லாத் தெருவாரும் ஒரே நாளில், ஒரே பள்ளத்தில் இறங்க வேண்டும். மேல்ஜாதித் தெருக்காரர் மேற்பார்வை பார்ப்பதும், மற்றவர் சேறு அள்ளுவதும் என்கின்ற ஏற்பாடு உதவாது. மேற்பார்வை வேண்டுமானால் முறை வைத்துக் கொள்ளட்டும். காலையில் சேறு அள்ளினவர் மாலையில் மேற்பார்வை பார்க்கட்டும்.

இரண்டாவது, வேலைக்காரர்களுக்குச் சமைப்பது ஒரே அடுப்பில், சாப்பிடுவது ஒரே பந்தியில் இருக்க வேண்டும். தனிச் செம்பு, தனி இலை என்று ஒருவன் பேச ஆரம்பித்தால், வாய்க்காலில் எடுத்த அழுக்கு போதாது, இன்னும் கரையின் மேல் இருக்கின்றது என்று தெரிந்துகொள்ள வேண்டும். சமையலைப் பெண்கள் தலையில் மட்டும் கட்டிவிடுவதும் நியாயமல்ல. வெள்ளத்தில் அடுப்பு அணைந்தால் முதலில் அவதிப்படுகிறவர்கள் பெண்கள். ஆகையால் எந்த வாய்க்காலை முதலில் எடுப்பது என்கின்ற யோசனையில் அவர்களுக்குச் சம பாகம் வேண்டும்.

மூன்றாவது, கூலி விஷயம். இதில் நமது வாலிபர்கள் மனந்தடுமாறுகிறார்கள். தொண்டென்றால் எல்லோரும் இனாமாகத்தானே செய்ய வேண்டும் என்கின்றார்கள். 20 ஏக்கர் வைத்திருக்கிறவர் ஒரு நாள் மண்வெட்டி பிடித்தால் அவருக்கு ஒரு நாள் போகின்றது. அன்றாடம் கூலி வாங்கிச் சாப்பிடுகிறவன் ஒரு நாள் மண்வெட்டி பிடித்தால் அவன் வீட்டில் அன்றைக்கு உலை போகின்றது. இரண்டையும் ஒரே தியாகம் என்று எப்படிச் சொல்லுவது? ஆதலால் குடியிருப்புகளைச் சுற்றியுள்ள பொது வடிகால்களை எல்லோரும் சேர்ந்து இனாமாகச் செய்யலாம். வயல்களுக்கு இடையே ஓடும் வடிகால்களுக்கு ஏக்கர் ஒன்றுக்கு இவ்வளவு என்று நிலமுள்ளவர்களிடம் வசூலித்து, நிலமில்லாதவர்களுக்கு நடப்புக் கூலி கொடுத்தே வேலை வாங்க வேண்டும். பிறர் நெல்லைக் காப்பாற்ற ஏழை தன் கூலியைத் தானம் செய்ய வேண்டும் என்பது எந்தப் புராணத்தில் இருந்தாலும் நமக்குச் சம்மதமில்லை.

நான்காவது, வேலையைப் பள்ளத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இது நியாயத்துக்கும் பொருத்தம், கணக்குக்கும் பொருத்தம். வடிகாலைக் கடைசி முனையிலிருந்து, அதாவது தண்ணீர் போய் விழும் இடத்திலிருந்து, மேல் நோக்கித்தான் வெட்டிக்கொண்டு வர வேண்டும். மேலே மட்டும் ஆழமாக வெட்டிவிட்டுக் கீழே விட்டுவிட்டால், மேட்டுக்காரர் வீட்டுத் தண்ணீரைப் பள்ளத்துக்காரர் வீட்டுக்கு வேகமாய் அனுப்பி வைத்த புண்ணியந்தான் மிஞ்சும்.

வேலையின் முறையைப் பற்றியும் இரண்டொரு வார்த்தை சொல்லுவோம். மேட்டூர் அணை 1934-இல் ஏற்பட்டது முதல், வழக்கமாக ஜனவரி 28-ந் தேதி மூடி ஜூன் 12-ந் தேதி திறப்பது என்று வைத்திருக்கின்றார்கள். இந்த நாலரை மாதம்தான் வாய்க்கால் காயும் காலம்; தூரெடுக்க ஏற்ற காலமும் அதுதான். தண்ணீர் வந்த பிறகு தூர் வாரினோம் என்று எழுதும் கணக்கு தண்ணீரிலேயே எழுதிய கணக்காகும். முதலில் ஊர் நிலப்படத்தை வாங்கி, வடிகால் எங்கே ஓடிற்று, எத்தனை அடி அகலம் இருந்தது என்று பார்த்து முளை அடிக்க வேண்டும். கண்மதிப்பை நம்பாமல், கொத்தனார்கள் உபயோகிக்கின்ற தண்ணீர் நிரப்பிய மட்டக் குழாயைக் கொண்டு சரிவு பார்க்க வேண்டும். சமமான நிலத்தில் அரையடித் தப்பும் வேலையைக் கெடுத்துவிடும். வெங்காயத் தாமரையை அறுத்துத் தண்ணீரிலேயே தள்ளிவிட்டால் அது அடுத்த ஊருக்குப் போய்ப் பெருகும். கரையேற்றி உலர்த்த வேண்டும். காட்டாமணக்கையும் வேரோடு எடுத்துத் தூரமாய்ப் போட வேண்டும். வெட்டிப் போட்ட குச்சி ஈரம் பட்டால் மறுபடியும் துளிர்க்கும். எடுத்த மண்ணைக் கரை விளிம்பில் குவித்தால் முதல் மழைக்கே திரும்பி உள்ளே வந்துவிடும். வேலை செய்கிறவர்கள் காலுக்குப் பூட்ஸும் கைக்கு உறையும் இல்லாமல் சேற்றில் இறங்கக்கூடாது. பாம்பும் உண்டு, எலிக்காய்ச்சலும் உண்டு. மலஜலம் கலந்த சாக்கடையிலும் மலக்குழியிலும் எவரையும் இறக்கவே கூடாது. கையால் மலம் அள்ளச் செய்வதை 2013-ஆம் வருஷத்துச் சட்டம் தடுத்திருக்கின்றது. தொண்டின் பெயரால் அதைப் பின்வாசல் வழியாகக் கொண்டு வருவதற்கு நமது தோழர்கள் இடம் கொடுக்கக்கூடாது.

இவ்வளவும் சொன்னதால், வாலிபர்கள் மண்வெட்டி எடுத்துவிட்டபடியால் சர்க்காருக்கு இனி வேலையில்லை என்று யாரும் கருதிவிட வேண்டாம். ஊர்க் கன்னி வாய்க்காலையும் தெருவோர வடிகாலையும் ஊரார் வெட்டலாம். ஆற்றின் அடியை ஆழப்படுத்துவதும், முகத்துவாரத்து மணலை அகற்றுவதும், கடைமடை ரெகுலேட்டர்களின் பலகைகளைச் சரியான நேரத்தில் தூக்குவதும், ரோட்டுக் குறுக்கே போதுமான பாலம் கட்டுவதும் மண்வெட்டிக்குள் அடங்கினவையல்ல. அவற்றிற்குத்தான் ஜனங்கள் வரி கொடுக்கின்றார்கள். ஊரார் தங்கள் பங்கைச் செய்து முடித்துவிட்டு, அளந்து எழுதிய கணக்கோடு அதிகாரிகள் முன் போய் நின்றால், அந்தக் கேள்விக்குப் பலம் இருக்கும். மனுக் கொடுத்துவிட்டு வெறுமனே காத்திருக்கிறவனை ஏமாற்றுவதுபோல், தன் பங்கை முடித்துவிட்டு வந்து நிற்கிறவனை ஏமாற்ற முடியாது.

ஆக்கிரமிப்பு என்கின்ற வார்த்தையிலும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். வடிகால் ஆக்கிரமிப்பை அகற்றுவது என்று ஆரம்பித்தால், முதலில் கண்ணில் படுவது வாய்க்கால் கரையில் குடிசை போட்டிருக்கும் ஏழைதான். வரப்பைத் தள்ளிப் போட்டவரின் பத்துக் குழியும், இறால் குட்டைக்காரரின் கரையும், கட்டிடக்காரரின் சுவரும் அதிகாரிகள் கண்ணுக்கு எளிதில் தெரிவதில்லை. குடிசைக்காரனுக்கு மேட்டில் மனை கொடுத்த பிறகு குடிசையை எடுக்கட்டும். மற்றவர்களுக்கு மனை தேட வேண்டிய அவசியமில்லை. ஆகையால் அவர்களிடமிருந்து ஆரம்பிக்கட்டும்.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று சிலர் கேட்பார்கள். ஹாலந்து என்கின்ற நெதர்லாந்து தேசத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு நிலம் கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கின்றது. அந்த ஜனங்கள் கடலையும் மழையையும் எதிர்த்துக் குடியிருப்பதற்குத் தண்ணீர் வாரியங்கள் என்று ஏற்படுத்திக் கொண்டார்கள். அவற்றில் ரைன்லாந்து வாரியம் 1255-ஆம் வருஷத்திலேயே அரச உத்தரவு பெற்றது. தன் நிலத்தை ஒட்டிய வடிகாலை அவனவன் சுத்தமாய் வைத்திருக்கிறானா என்று வாரியத்தார் சுற்றிவந்து பார்ப்பதும், வைக்காதவனுக்கு அபராதம் போடுவதும் அங்கே பழைய வழக்கம். முற்காலத்தில் அங்கேயும் இந்த வாரியங்கள் நிலமுள்ளவர்கள் கையில்தான் இருந்தன. இன்று அந்தந்த வட்டாரத்தில் குடியிருக்கும் வயது வந்தவர்கள் எல்லோருமே ஓட்டுப் போட்டு வாரிய அங்கத்தினர்களைத் தெரிந்தெடுக்கின்றார்கள். குடியிருப்பவர்களும் அதற்கென்று வரி கொடுக்கின்றார்கள். அவர்கள் தெய்வத்தின் மேல் பழியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால், இன்று அந்தத் தேசத்தில் பெரும் பாகத்தைக் கடலுக்கடியில் தேட வேண்டியிருக்கும். ஹாலந்துக்காரனுக்கு நம்மைவிட இரண்டு கை அதிகமில்லை. தண்ணீருக்கு ஜாதியில்லை, வடிகாலுக்கு எல்லோரும் பொறுப்பாளி, பொறுப்புள்ள எல்லோருக்கும் ஓட்டு உண்டு என்கின்ற புத்திதான் அதிகம்.

நமது நாட்டிலும் அந்தப் புத்தி வந்தாக வேண்டும். தண்ணீர்ச் சங்கங்களில் நிலமுள்ளவர்களோடு, வடிகால் ஓரத்தில் குடியிருக்கும் நிலமில்லாதவர்களுக்கும், ஆண் பெண் இருபாலாருக்கும் இடம் வேண்டும் என்று நமது தோழர்கள் ஒவ்வொரு கிராம சபையிலும் தீர்மானம் கொண்டுவர வேண்டும். சட்டம் மாறுகிற வரையில், தாங்களே கூட்டும் வடிகால் கமிட்டியில் அந்த ஏற்பாட்டை இன்றே செய்துகொள்ளலாம். அதற்கு எந்தச் சர்க்காரின் உத்தரவும் வேண்டியதில்லை.

காலனித் தோழர்களுக்கு முடிவாக ஒன்று சொல்லுவோம். நீங்கள் சந்தேகப்படுவது சரியே, சந்தேகத்தை விட்டுவிடாதீர்கள். ஆனால் சந்தேகத்துக்காக வேலையை விட்டுவிடாதீர்கள். வடிகால் மூடிக் கிடந்தால் முதலில் முழுகுவது உங்கள் வீடுதான். ஆகையால் கூப்பிடும்வரை காத்திராமல் நீங்களே முதல் கூட்டத்தைக் கூட்டுங்கள். இன்ன நாள், இன்ன இடம், கடைசி முனையிலிருந்து வேலை ஆரம்பம், எல்லாத் தெருவாரும் வரவேண்டும் என்று நீங்களே தமுக்குப் போடுங்கள். பாட்டன் காலத்தில் மற்றவன் தமுக்கடித்தான், உங்கள் வீட்டார் ஓடினார்கள். இப்போது தமுக்கு உங்கள் கையில் இருக்கட்டும். மேட்டுத் தெருவார் வருகின்றார்களா என்று பார்ப்போம். வந்தால் நல்லதாயிற்று, ஊர் ஒன்றாகும். வராவிட்டால், யார் வந்தார்கள், யார் வரவில்லை, எத்தனை அடி வெட்டியாயிற்று என்பதை எழுதி ஊர்ச்சாவடியில் ஒட்டிவிட்டு, உங்கள் வீட்டுத் தண்ணீர் வடிகின்ற வரையில் வெட்டுங்கள்.

மற்றத் தெருக்களிலுள்ள நமது தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. மேடையில் ஜாதி ஒழிய வேண்டும் என்று பேசுவது எளிது. சித்திரை வெயிலில், முழங்கால் சேற்றில், யாருடைய வீட்டு வாசலுக்குப் போகக்கூடாது என்று உங்களுக்குச் சிறு வயதில் சொல்லி வைத்தார்களோ அந்த வீட்டு வாசலிலிருந்து வடிகாலை வெட்டிக்கொண்டு வருவது கொஞ்சம் சிரமமான காரியம். அந்தச் சிரமத்துக்குத்தான் உங்களை அழைக்கின்றோம். ஐப்பசி பிறப்பதற்குள் வேலை முடிய வேண்டுமானால், சித்திரையிலேயே மண்வெட்டிக்குப் பிடி போட்டாக வேண்டும்.